வெட்டிப் போட்ட செடிதான் கூடுதல் ஆபத்து: மலையகத்து நச்சுக் களைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லயத்துக்குப் பின்னால், பீலிக்கரையில், மரக்கறிப் பாத்தி ஓரத்தில், கவனிப்பாரற்றுப் போன தேயிலை மலையில் தானாக முளைத்துப் பரவும் செடிகளில் சில நஞ்சுள்ளவை. அவற்றை அடையாளம் காண்பது, பிடுங்குவது, பிடுங்கியதை என்ன செய்வது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் செடிகள் நிற்கும்போது செய்யும் கேட்டைவிட, நாம் அவசரப்பட்டு வெட்டி, கண்ட இடத்தில் போட்டு, கை கழுவாமல் வீட்டுக்குப் போகும்போது வரும் கேடுதான் அதிகம்.

பரவுகிற செடியெல்லாம் நஞ்சா?

இல்லை. பரவுவது ஒரு குணம், நஞ்சு வேறு குணம். கண்டி, பேராதனைப் பக்கம் மகாவலிக் கரையை அடைத்து நிற்கும் பெரிய தொட்டாற்சுருங்கி (மைமோசா பிக்ரா) முள்ளால் கிழிக்கும், ஆனால் நஞ்சென்று பயப்பட வேண்டியதில்லை. தெருவோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியும் வந்தேறிதான். அதைத் தேயிலைக்குப் பசளையாக வெட்டிப் போடுகிறார்கள், நல்ல பசளைதான். இந்தப் பக்கத்தில் பார்க்கப் போவது நஞ்சும் உள்ள, தானாகவும் பரவுகிற செடிகளை. முக்கியமானவை உண்ணிச்செடி, தொங்கும் பூ ஊமத்தையும் சாதாரண ஊமத்தையும், பார்த்தீனியம் என்ற மூன்று. கடைசியில் சில உதிரிகள்.

உண்ணிச்செடியை எப்படி உறுதியாக அடையாளம் காண்பது?

சிங்களத்தில் கந்தபான என்பார்கள். தண்டைப் பிடித்து உருட்டிப் பாருங்கள், உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும். பட்டை ஓரங்களில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள். இலைகள் எதிரெதிரே சோடியாக வரும், மேற்பக்கம் சொரசொரப்பு. ஒரு இலையைக் கசக்கினால் காரமான ஒரு வாசனை வரும், ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பூக்கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ. ஒரே கொத்தில் இரண்டு நிறம் தெரிவதற்குக் காரணம், பூ மூப்படையும்போது நிறம் மாறுவதுதான். காய் பச்சையாக இருந்து, பழுத்ததும் கருநீலமாகும். கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று விதையைத் தேயிலை மலை முழுக்கப் போட்டுவிடும்.

1826இல் பேராதனைப் பூங்கா வழியாக அழகுச் செடியாக இந்தத் தீவுக்குள் வந்தது. இன்று அதை அழகுக்காக வைத்திருப்பவர் யாருமில்லை, ஆனால் எல்லார் காணியிலும் இருக்கிறது. மிக உயரத்தில், நுவரெலியாக் குளிரில், கொஞ்சம் குறைவு. பதுளை, பண்டாரவளை, மாத்தளை என்று கீழே இறங்க இறங்கக் கூடும்.

மாடு தின்றுவிட்டால்?

உண்ணிச்செடியின் பெரிய பாதிப்பு மனிதருக்கு இல்லை, கால்நடைக்குத்தான். மாடு, ஆடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். இலையிலுள்ள லன்ராடீன் என்ற பொருள் ஈரலைக் கெடுக்கிறது. ஈரல் கெட்டால், புல்லின் பச்சையத்திலிருந்து வரும் ஒரு கழிவுப் பொருள் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கிவிடும். வெயில் பட்டதும் தோல் வெந்ததுபோல் ஆவதற்கு அதுதான் காரணம்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள்: முதலில் மாடு தீனி எடுக்காது, அசை போடாது, சாணி கட்டியாகும். ஓரிரண்டு நாளில் கண்ணின் வெள்ளையும் வாயின் உட்புறமும் மஞ்சளாகத் தெரியும். அப்புறம் மூக்கு நுனி, காது, மடி, வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் சிவந்து, வெடித்து, உரியும். நிழலைத் தேடி ஓடும். தோல் உரிவதை மட்டும் பார்த்துவிட்டு, "சொறி" என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதனால் நாள்தான் வீணாகும்.

செய்ய வேண்டியது: மாட்டை உடனே இருட்டான கொட்டிலுக்குக் கொண்டுபோங்கள், வெயிலில் கட்ட வேண்டாம். அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தின்றது வயிற்றிலேயே நீண்ட நேரம் தங்கி நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்பதால், மிருக வைத்தியர் கரித்தூள் (மருந்துக் கரி) கலக்கிக் கொடுப்பார், தேவைப்பட்டால் மறுபடியும் கொடுப்பார். அடுப்புக் கரியை அரைத்து ஊற்றாதீர்கள். மாடு விழுங்கும் நிலையில் இல்லாவிட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

ஊரில் வளர்ந்த மாடு சாதாரணமாக இந்தச் செடியைத் தொடாது. பிறகு எப்படித் தின்கிறது? பெரும்பாலும் புல்லுக்கட்டில்தான். விடிகாலை மங்கலில், அல்லது மழையில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு புல் அறுக்கும்போது, ஓரத்து உண்ணிக்கொடியும் அரிவாளோடு சேர்ந்து வரும். வாடிய இலையிலும் நஞ்சு குறையாது. வேறிடத்திலிருந்து புதிதாக வாங்கி வந்த மாடும், தீனி இல்லாமல் பசித்த மாடும்தான் அதிகம் அகப்படும். கட்டை அவிழ்த்து ஒருமுறை உதறிப் பார்ப்பதைவிட மலிவான வைத்தியம் இதற்குக் கிடையாது.

பிள்ளைகள் உண்ணிப்பழம் தின்கிறார்களே?

நன்றாகப் பழுத்துக் கறுத்தது ஒன்றிரண்டை எல்லாரும் ஒரு காலத்தில் வாயில் போட்டிருப்போம். பச்சைக் காய்தான் ஆபத்து. சின்னப் பிள்ளைக்குப் பச்சை, பழம் என்ற கணக்கெல்லாம் தெரியாது என்பதால், "இதைத் தொடாதே" என்று ஒரே சொல்லாகச் சொல்வதுதான் நல்லது. பச்சைக் காய் தின்ற பிள்ளை வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஓடையோரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூக்கள் என்ன?

அது புருக்மான்சியா, ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஓடைகளில், வீதி வளைவுகளில், ஈரமான பள்ளங்களில் கூட்டமாக நிற்கும். ஆளுயரத்துக்கு மேல் வளரும் சின்ன மரம். பூ ஒரு சாணுக்கு மேல் நீளம், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தொங்கும். மாலையானால் வாசம் தூக்கும். படம் எடுக்க வருபவர்கள் பூவைக் காதில் செருகிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். பார்ப்பவர்கள் அது நஞ்சென்று சொல்லிக்கொடுத்தால் நல்லது.

சாதாரண ஊமத்தை முழங்காலிலிருந்து இடுப்பு உயரம்தான் வரும். அதன் பூ மேல்நோக்கி நிற்கும், காய் உருண்டையாக முள்ளோடு இருக்கும், வெடித்தால் தட்டையான சிறு விதைகள் கொட்டும். குப்பை போடும் இடங்களிலும் மாட்டுக்கொட்டில் பக்கத்திலும் முளைக்கும். இரண்டிலும் வேர் முதல் விதை வரை எல்லாப் பாகமும் நஞ்சு. அத்ரோபின், ஸ்கோபோலமின், ஹயோசியமின் என்ற மூன்றும் அதில் உண்டு. அதே அத்ரோபினை வைத்தியசாலையில் பூச்சிமருந்து குடித்தவருக்கு அளந்து ஏற்றுகிறார்கள். செடியிலோ அளவு கிடையாது, ஒரே மரத்தில் ஒரு கிளைக்கும் மறு கிளைக்கும் வித்தியாசம் இருக்கும். "கொஞ்சமாகப் போட்டால் ஆஸ்துமாவுக்கு நல்லது" என்று இலையைச் சுருட்டிப் புகைப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், விட்டுவிடுவதற்கு.

வெட்டும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கண். சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் பெரிதாகிவிடும். பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஒரு நாளோ சில நாட்களோ இருந்து தானாகவே இறங்கும். வைத்தியசாலைக்குப் போனால் "ஊமத்தை வெட்டினேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருப்பதைப் பார்த்தால், வைத்தியர்கள் மூளையில் அடியோ இரத்தக்கசிவோ என்று சந்தேகித்துத்தான் தொடங்குவார்கள். அது அவர்கள் தவறும் அல்ல.

ஆள் உளறுகிறார், இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார். ஊமத்தையா, வேறேதாவதா?

இவை சேர்ந்து இருந்தால் ஊமத்தையைச் சந்தேகியுங்கள்: வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்வது, முகம் சிவப்பது, உடல் சுடுவது ஆனால் வியர்க்காதது, இரண்டு கண் பாவையும் பெரிதாவது, இதயம் படபடப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பது, காற்றில் எதையோ பிடிக்கக் கை நீட்டுவது. கீரை பறித்து வந்த வீடாக இருந்தால் ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வரும்.

நம்முடைய பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. இப்படிப் பேசத் தொடங்கினால் "ஓடையில் ஏதோ பட்டுவிட்டது" என்று முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். மந்திரிப்பதில் நம்பிக்கை இருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் வைத்தியசாலை, நூல் கட்டுவதெல்லாம் ஆள் தேறி வந்த பிறகு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. மலைப்பாதை என்றால் வண்டி எங்கே வந்து நிற்க முடியும் என்பதை முதல் அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். டிவிசன் பெயரை மட்டும் சொன்னால் ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம், பிரதான வீதியில் எந்தச் சந்தி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை ஆளை அமைதியான இடத்தில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சாராயம் எதுவும் வேண்டாம். தின்ற செடியில் ஒரு கிளையைப் பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கிளை கிடைக்காவிட்டால் ஃபோனில் இலை, பூ, காய் மூன்றையும் படம் எடுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியர்கள் அங்கே கேட்டுத் தெளிவு பெறுவார்கள்.

பார்த்தீனியம் மலையகத்திலும் வருமா? அது வன்னிப் பக்கத்துச் செடி அல்லவா?

அதிகம் பரவியிருப்பது வடக்கிலும் வறண்ட பகுதிகளிலும்தான். 1999இல் வவுனியாவில் முதலில் இனங்காணப்பட்டது. ஆனால் லொறி போகாத ஊர் ஏது? வைக்கோல், எரு, விதை, மண் ஒட்டிய டயர் எதில் வேண்டுமானாலும் விதை வரும். ஒரே செடி பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை போடக்கூடியது. அதனால்தான் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

நுவரெலியா, வெலிமடை மரக்கறிக்காரருக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. இளம் பார்த்தீனியம் கரட் இலையைப் போலவே தரையோடு விரிந்திருக்கும். கரட் பாத்தியில் நின்றால் முதல் பார்வையில் பிடிபடாது. வித்தியாசம் இதுதான்: கரட் இலையைக் கசக்கினால் கரட் வாசம் வரும். பார்த்தீனியத்தில் அந்த வாசம் இல்லை, இலையில் மெல்லிய மயிர் படிந்து சாம்பல் பச்சையாக மங்கித் தெரியும். வளர்ந்த பிறகு சந்தேகமே இல்லை. நடுத்தண்டு எழும்பி, நீளவாட்டில் கோடு கோடாக வரியோடு இருக்கும், மேலே கிளைத்து, வெள்ளையாகச் சிறு மூக்குத்திப் பூக்கள் நிறையப் பூக்கும். பூக்க விட்டால் கணக்குத் தப்பிவிட்டது என்று பொருள்.

கசக்கிப் பார்க்கும் சோதனையைக் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். கையுறை இல்லையா, ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், போதும்.

இது சட்டப்படியும் சாதாரணக் களை அல்ல. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட வேண்டியது. கண்டால் ஒளிக்காமல் விவசாயப் போதனாசிரியருக்குச் சொல்லுங்கள். 1920க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தோடு பேசலாம்.

நான் போன வருடமும் கையால்தான் பிடுங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே?

பார்த்தீனியம் முதல் தடவையிலேயே தோலைப் புண்ணாக்குவது குறைவு. ஒவ்வாமை மெல்ல உண்டாவது. பல தடவை பட்டுப் பட்டு ஒருநாள் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். அப்புறம் கொஞ்சம் பட்டாலும் முகம், கழுத்து, முழங்கை மடிப்பு, கைகள் எல்லாம் அரிக்கும், தடிக்கும், கறுத்துப் போகும். மகரந்தம் மூச்சில் போய் தும்மலும் இழுப்பும் வருவது வேறு. ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்தவர் திரும்பப் பிடுங்கப் போகவே கூடாது, கையுறை போட்டாலும் சரி. வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும்.

பிடுங்குவதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்ய வேண்டும்?

முதலில் செடியைப் பார்க்காதீர்கள், புதரைப் பாருங்கள். குளவிக் கூடு இருக்கிறதா? கொழுந்து பறிக்கப் போய்க் குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்ந்தவர்களைப் பற்றிய செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது. உண்ணிப் புதர் குளவிக்கும் பாம்புக்கும் நல்ல ஒதுக்கிடம். நீளக் கம்பால் தட்டி, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தேயிலை மலைக்குள் சிறுத்தையும் உலவும். தனியாக, சத்தம் போடாமல் அடர்ந்த புதருக்குள் நுழையாதீர்கள்.

அப்புறம் உடுப்பு. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, இறப்பர்ச் சப்பாத்து, தடித்த கையுறை. பார்த்தீனியம் என்றால் முகக்கவசமும், ஊமத்தை என்றால் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும். மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும், வேரோடு வரும். பார்த்தீனியத்தையும் ஊமத்தையையும் பூக்கும் முன் பிடுங்க வேண்டும். உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். மம்பட்டியால் மண்ணைத் தள்ளி, மண்மட்டத்துக்குக் கீழே கட்டையை வெட்ட வேண்டும், அல்லது வேர்க்கட்டையோடு கிளப்ப வேண்டும்.

இப்போது பலரும் கவனிக்காத ஒரு விடயம். வேலை நடுவில் ரொட்டி தின்பதும் வெற்றிலை போடுவதும். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, அதே விரலால் சுண்ணாம்பு தடவி, அதே விரலால் மடித்து வாயில் வைக்கிறோம். காலையிலிருந்து ஊமத்தை வெட்டிய விரல் அது. சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெற்றிலைப் பையைத் தொடவே வேண்டாம். முடிந்தால் அன்றைக்கு வெற்றிலைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காமல் தனியாகத் துவையுங்கள். கத்தி, மம்பட்டியையும் கழுவிவிட்டு வையுங்கள்.

பிடுங்கியதை எங்கே போடுவது? எரிக்கலாமா?

எரிக்க வேண்டாம். ஊமத்தைப் புகையை மூச்சில் இழுப்பதும் நஞ்சுதான், பச்சையாக எரித்தால் புகை பள்ளத்தில் லயத்துக்குள்ளேயே தங்கும். மலைச்சரிவில் தீ எங்கே போய் நிற்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது.

ஓடையில் போடவே வேண்டாம். புருக்மான்சியாவின் ஒரு துண்டுத் தண்டு ஈர மண்ணில் ஒட்டினால் வேர் விடும். மேலே ஒருவர் வெட்டித் தள்ளியது கீழே இரண்டு தோட்டம் தாண்டி மரமாக நிற்கும். ஓடைகளில் அது வரிசை வரிசையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்டுகளை மண்படாமல், தகரத்தின் மேலோ பழைய உரப்பைகளின் மேலோ பரப்பி, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். ஆடு, மாடு வராதபடி வேலி போட வேண்டும்.

பூக்காத பார்த்தீனியத்தைக் கூட்டெருவில் போடலாம். பூத்துவிட்டால் அந்த வழி அடைபட்டது. உரப்பையில் போட்டுக் கட்டி, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பையை இழுத்துக்கொண்டு போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள், இழுத்தால் வழியெல்லாம் விதை. உண்ணிச்செடியைக் குவித்து வைப்பதானால் மாடு போகும் பாதைக்குத் தூரமாக வையுங்கள்.

மருந்து அடித்துவிட்டால் வேலை சுலபம் அல்லவா?

கிளைபொசேட் என்ற களைகொல்லியின் கதை எல்லாருக்கும் தெரியும். 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2021இல் விவசாய இரசாயனங்கள் எல்லாவற்றோடும் சேர்த்து மறுபடி தடை, பிறகு மீண்டும் தளர்வு. இன்று எதற்கு அனுமதி என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். என் கருத்து, பீலிக்கரையிலும் கிணற்றுப் பக்கத்திலும் எந்த மருந்தும் வேண்டாம். மீதி மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. நச்சுச் செடிக்குப் பயந்து வீட்டுக்குள் அதைவிடப் பெரிய நஞ்சைக் கொண்டுவந்ததாகும்.

சரிவில் உள்ள புதரை முழுதாக அகற்றலாமா?

ஒரே நாளில் வேண்டாம். பிடிக்காத செடியின் வேரும் மண்ணைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது. ஹட்டன் பக்கத்தில் தென்மேற்குப் பருவ மழைக்கும், பதுளைப் பக்கத்தில் வடகிழக்கு மழைக்கும் முன்னால் சரிவை மொட்டையாக்கினால் மண் இறங்கும். குறுக்குவாட்டில் பட்டை பட்டையாக அகற்றி, அகற்றிய இடத்தில் உடனே வெட்டிவேரோ புல்லோ நட்டுவிட்டு அடுத்த பட்டைக்குப் போங்கள். வெடிப்பு விழுந்த சரிவென்றால் கையே வைக்காமல் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள்.

மாட்டுக்கு மூத்திரத்தில் இரத்தம் போகிறது. பன்னம் தின்றதாலா?

இருக்கலாம். பிராக்கன் பன்னம் என்ற பெரிய பன்னம் இந்த நாட்டுச் செடிதான், வந்தேறி அல்ல, ஆனால் எரிந்த, கைவிட்ட நிலத்தில் களைபோலவே அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் தின்றால் தெரியாது. மாதக்கணக்காக மேய்ந்த மாட்டுக்கு மூத்திரப்பையில் புண்ணும் கட்டியும் வந்து இரத்தம் போகும். நஞ்சு பாலிலும் இறங்கும் என்பதால் அந்த மாட்டின் பாலை மிருக வைத்தியர் சொல்லும்வரை பயன்படுத்தாதீர்கள். இரத்த மூத்திரத்துக்கு உண்ணிக் காய்ச்சல் (செடியல்ல, மாட்டில் ஒட்டும் உண்ணி கடித்து வருவது) உட்பட வேறு காரணங்களும் உண்டு, நீங்களே முடிவு கட்ட வேண்டாம். தவறணையில் (நாற்றுமேடையில்) தேயிலைக் கன்றுக்கு நிழல் வைக்கும் கெக்கில்லப் பன்னம் இது அல்ல.

வீட்டு வாசலில் வெள்ளை லில்லி இருக்கிறது. அதையும் பிடுங்கவா?

கூம்புபோல் சுருண்ட ஒற்றை வெள்ளை மடலும் நடுவில் மஞ்சள் தண்டும் உள்ள ஏரம் லில்லி என்றால், கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். வீட்டில் எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருக்கட்டும், ஆனால் ஈரப்பள்ளத்துக்குக் கிழங்கை வீசாதீர்கள். ஆமணக்கு வைத்திருப்பவர்கள் காய் முற்றும் முன் குலையை வெட்டிவிடுங்கள், மென்று தின்ற விதை உயிருக்கே ஆபத்து. பாறைகளில் வளரும் தடித்த இலை மரத்தின் காய், கல் கொறுக்காய் என்று சொல்வது, கறிக்குப் போடும் கொறுக்காய் இல்லை. மீன் கறிக்குப் பறிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகும்போது அந்த மஞ்சள் முட்செடியைப் பிடுங்கி உதவலாமா?

கோர்ஸைச் சொல்கிறீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆனால் அது தேசியப் பூங்கா, எந்தச் செடியையும் பிடுங்க அனுமதி வேண்டும். வனசீவராசிகள் திணைக்களம் தொண்டர்களைச் சேர்த்து அகற்றும் நாட்களில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். திரும்பி வரும்போது சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணை வாசலிலேயே தட்டிவிட்டு வாருங்கள், உங்கள் கரட் பாத்திக்கு அதன் விதை வேண்டியதில்லை.